இஞ்சியும் ஓமமும் வயிற்றுக்குள் என்ன செய்கின்றன?

விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு மேல்வயிறு கனத்து, உப்பிக்கொண்டு, புளித்த ஏப்பமும் வந்தால் சாப்பிட்டது செரிக்கவில்லை என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் பெரும்பாலான நேரங்களில் அமிலம் சுரப்பதிலும், பெப்சின் என்ற என்சைம் புரதத்தை வெட்டுவதிலும் ஒரு குறையும் இருக்காது. சிக்கல் இரைப்பையின் தசைகளில் இருக்கும். அவை எவ்வளவு தளர்கின்றன, எப்படிச் சுருங்குகின்றன, உணவை எவ்வளவு வேகமாகக் கீழே தள்ளுகின்றன என்பதில்தான் மந்தமும் உப்புசமும் தொடங்குகின்றன. கைவைத்தியத்தில் எது கேட்கும், எது கேட்காது என்பதும் பெரும்பாலும் இதைப் பொறுத்ததே.

இரைப்பையின் மேல்பாதிக்கு இடம் கொடுப்பதுதான் வேலை. வெறும் வயிற்றில் 100 மில்லிக்கும் குறைவாகச் சுருங்கிக் கிடக்கும் பை, முதல் சில கவளம் உள்ளே போனதுமே தளர ஆரம்பித்து, ஒரு லிட்டருக்கு மேலும் விரியும். இந்தத் தளர்வு சரியாக நடக்காதவர்களுக்கு நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துவிடும். கீழ்ப்பாதி ஓர் ஆட்டுக்கல். நிமிடத்துக்கு மூன்று முறை சுருக்க அலை கீழ்நோக்கி வந்து உணவை அரைக்கும். ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்கு மசிந்ததைத்தான் கடைசியில் இருக்கும் சுருக்குத்தசை வாசல் சிறுகுடலுக்குள் விடும். அவசர அவசரமாக விழுங்கினால் அரைக்கும் வேலை முழுவதும் இங்கே வந்து சேர்கிறது.

அந்த வாசலுக்கு உத்தரவு போடுவது சிறுகுடல். கொழுப்பு வந்து சேர்ந்தது தெரிந்ததும் அது கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். உடனே இரைப்பை வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் சாப்பிட்ட இட்லி மதியத்துக்குள் இறங்கிவிடுவதும், நெய்யில் மிதந்த வெண்பொங்கல் அங்கேயே உட்கார்ந்திருப்பதும் இதனால்தான். வயிற்றில் கோளாறு எதுவும் இல்லை, அது தன் வேலையைத்தான் செய்கிறது. ஆகவே மந்தத்துக்கு முதல் மருந்து, கொழுப்பையும் ஒரு வேளையின் அளவையும் குறைப்பது. கேட்கச் சப்பென்று இருக்கும், ஆனால் எந்தக் கஷாயத்தையும்விட இதற்கே பலன் அதிகம். உடம்பு சரியில்லாதபோது கஞ்சியும் ரசம் சாதமும் கொடுக்கும் வழக்கம் இந்த வகையில் சரியானது. இரண்டிலும் கொழுப்பு குறைவு, சோறு முன்பே குழைந்திருக்கும்.

இதையெல்லாம் முதன்முதலில் கண்ணால் பார்த்துக் குறித்துவைத்தவர்களில் ஒருவர் அமெரிக்க ராணுவ மருத்துவர் வில்லியம் போமன்ட். 1822இல் மிச்சிகனின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு வயிற்றில் குண்டடி பட்டது. பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பையில் விழுந்த துளை மூடவே இல்லை. 1825இலிருந்து போமன்ட் அந்தத் துளை வழியே மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், ரொட்டி என்று ஒவ்வொன்றையும் பட்டுநூலில் கட்டி உள்ளே விட்டு, மணிக்கொருமுறை இழுத்துப் பார்த்தார். கூலிக்கு இருந்த அந்த மனிதரை அவர் நடத்திய விதம் இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவிலும் தேறாது. 1833இல் வெளியிட்ட நூலில், எண்ணெய்ப் பண்டங்கள் செரிக்கக் கடினம் என்று சரியாகவே எழுதினார். கோபப்பட்டால் செரிமானம் கெடுகிறது என்பதையும் கவனித்திருந்தார். கூடவே, காரசாரமான சேர்க்கைகள் நல்ல இரைப்பைக்குக் கேடு என்றும் ஒரு வரி. நம் அஞ்சறைப் பெட்டி இதை ஒப்புக்கொள்ளாது.

சரி, இஞ்சிக்கு வருவோம். அதன் காரத்துக்குக் காரணம் ஜிஞ்சரால். காயவைத்துச் சுக்காக்கும்போது அதில் ஒரு பகுதி ஷோகாலாக மாறி, காரம் இன்னும் ஏறும். தைவானில் 24 ஆரோக்கியமானவர்களுக்கு 1.2 கிராம் இஞ்சிப்பொடி கொடுத்து, பிறகு சூப் குடிக்கவைத்து அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். இரைப்பையின் கீழ்ப்பாதி அடிக்கடி சுருங்கியது. பாதி சூப் இறங்க 27 நிமிடம் ஆனது 13 நிமிடமாகக் குறைந்தது. அடுத்து, நாள்பட்ட அஜீரணம் உள்ள 11 பேரிடம் இதே சோதனை. அவர்களுக்கும் இரைப்பை சீக்கிரம் காலியானது, ஆனால் வயிற்றுத் தொந்தரவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இரண்டுமே சிறிய ஆய்வுகள்தான். விருந்து மந்தத்துக்குச் சுக்குக் காபி குடிப்பதில் அர்த்தம் இருக்கிறது, வருடக்கணக்கான தொல்லையை அது தீர்க்கும் என்று நம்பிக்கொண்டிருப்பதில் இல்லை என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

ஓமமும் புதினாவும் இஞ்சிக்கு நேர் எதிர் ஆட்கள். ஓமத்தில் தைமால், புதினாவில் மெந்தால். மெந்தால் தசைச் செல்லுக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்து, இறுகிய குடல் தசையைத் தளர்த்தும். தைமாலும் இதே வழியில் போவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. இழுத்துப் பிடிக்கிற வலிக்கு நல்லது. ஆனால் உணவுக்குழாய்க்கும் இரைப்பைக்கும் நடுவே இருக்கும் சுருக்குத்தசையும் தசைதானே, மெந்தால் அதையும் தளர்த்திவிடும், அமிலம் மேலே ஏறும். நெஞ்சு கரிப்பு உள்ளவர்கள் புதினாவைக் கொஞ்சம் தள்ளியே வைப்பது நல்லது.

சோடா குடித்து ஏப்பம் விட்டால் வரும் நிம்மதியில் பாதி, அந்த சோடாவே கொண்டுவந்த கரியமில வாயு வெளியேறுவதுதான். ஆப்ப சோடாவும் நுரை பொங்கும் பொடிகளும் அமிலத்தை உண்மையிலேயே சமன் செய்யும், ஆனால் கூடவே நிறைய சோடியமும் உள்ளே போகும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது வேண்டாத வேலை. சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் அமிலம் நீர்த்துச் செரிமானம் கெடும் என்ற பயத்துக்கு அடிப்படை இல்லை.

கீழ்வயிற்று வாயு வேறு கதை. பருப்பு, பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் இருக்கின்றன. அவற்றை உடைக்கும் என்சைம் மனிதக் குடலில் இல்லை. உடைபடாமல் பெருங்குடல் வரை போகும், அங்கே பாக்டீரியா அவற்றைப் புளிக்கவைக்கும். கொண்டைக்கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் இந்தச் சர்க்கரைகளில் ஒரு பங்கு போய்விடும். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள ஃப்ரக்டான் என்ற நார்ச்சத்து வகை சிலருக்கு இதே தொல்லையைத் தரும். அது தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. ஆகவே முழுப் பூண்டை எண்ணெயில் வதக்கி எடுத்துப் போட்டுவிட்டால் மணம் மட்டும் தங்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மோர் ஒத்துக்கொள்வதற்கும் பாக்டீரியாதான் காரணம், தயிராகும்போதே பாலின் சர்க்கரையான லாக்டோஸில் கொஞ்சத்தை அவை தின்றுவிடுகின்றன.

ராத்திரி நெஞ்சு கரிக்கிறவர்கள் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே மூன்று மணி நேரம் விடலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்களை உயர்த்தலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பையின் பெரும்பகுதி உணவுக்குழாய் வாசலுக்குக் கீழே இருக்கும், அமிலம் ஏறுவது குறையும்.

கைவைத்தியத்தோடு நிறுத்தக்கூடாத நேரங்களும் உண்டு. காரணமில்லாமல் எடை குறைவது, மலம் கறுப்பாகப் போவது, விழுங்கும்போது சிக்குவது, ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாக அஜீரணம் தொடங்குவது, இதில் எது இருந்தாலும் டாக்டரிடம் போக வேண்டும். ஹெலிகோபாக்டர் கிருமியால் வந்த புண்ணாக இருந்தால் ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மாத்திரைகள் வேண்டும், ஓமத்தண்ணீர் அதைத் தொடாது. அப்புறம், நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி. இதை வாயுப் பிடிப்பு என்று சொல்லி சோடா வாங்கிக் கொடுப்பது இன்றும் நம் வீடுகளில் நடக்கிறது. மாரடைப்பும் மேல்வயிற்று எரிச்சல் மாதிரி வரலாம், அதிலும் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும். அப்போது முதலில் கூப்பிட வேண்டியது 108ஐ.