தட்டிய கையோடு மீதி தெரிய வேண்டும்

அட்டைக்குள்ளேயே பணம் தங்கும் பழைய ஈசி-லிங்க், நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளை ஜூன் 1 முதல் பேருந்திலும் ரயிலிலும் பயன்படுத்த முடியாது என்று 2024 ஜனவரி 9ஆம் தேதி அறிவித்தது சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம். அவற்றை வைத்திருந்தவர்கள், கணக்கை சர்வரில் வைக்கும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற வேண்டும் என்றது. மக்கள் முணுமுணுத்தார்கள், 22ஆம் தேதியே முடிவு கைவிடப்பட்டது. பழைய முறையைத் தொடர 40 மில்லியன் வெள்ளி கூடுதலாகத் தேவைப்பட்டது. மக்களின் குறைகளில் முதன்மையானது மிகச் சின்ன விஷயம்: சிம்ப்ளிகோ அட்டையைத் தட்டியதும் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று நுழைவாயில் திரையில் தெரியவில்லை.

காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. பழைய அட்டையின் மீதி சில்லுக்குள் இருப்பதால் கருவி படித்த உடனே காட்டிவிடும். சிம்ப்ளிகோவில் அட்டை வெறும் அடையாளம்தான், கணக்கு சர்வரில். அங்கிருந்து தொகையை வரவழைத்துக் காட்டினால் ஒவ்வொருவருக்கும் சில நொடி கூடும். காலை எட்டரை மணிக்கு வரிசை படிக்கட்டு வரை நிற்கும். ‘கைப்பேசியில் சிம்ப்ளிகோ செயலியில் பார்த்துக்கொள்ளலாமே’ என்ற பதிலில் தப்பில்லை, ஆனால் ஒரு கையில் காய்கறிப் பை, மறு கையில் பிள்ளையோடு போகிறவரிடம் அது செல்லாது.

வடிவமைப்புச் சிந்தனை உதவுவது இங்கேதான். பயனரைப் புரிந்துகொள்வது, சிக்கலை வரையறுப்பது, யோசனை திரட்டுவது, மாதிரி செய்வது, சோதிப்பது என ஐந்து படிகள். பெரும்பாலான பயிலரங்குகளில் மூன்றாம் படிக்கே, அதாவது யோசனைகளை வண்ணத் தாளில் எழுதி ஒட்டுவதற்கே, பாதி நாள் போய்விடுகிறது. எங்கள் கணக்கில் முதல் இரண்டும்தான் வேலை.

கருத்துக் கேட்பதைவிடக் கைகளைக் கவனியுங்கள். தட்டியபின் யார் திரையைப் பார்க்கிறார், யார் பார்க்காமல் போகிறார், சிவப்பு விளக்கு எரிந்தவர் அடுத்து எங்கே ஒதுங்குகிறார் என்று உச்ச நேரத்திலும் நடுப்பகலிலும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு சிக்கலை ஒரே வரியில் எழுதுங்கள். ‘செயலியை நவீனமாக்க வேண்டும்’ என்பது வரையறையே அல்ல. ‘துவாஸ் ஊழியர் விடுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்கு வரும் ஊழியர், திரும்பிப் போக அட்டையில் காசு போதுமா என்று புறப்படும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்’ என்றால் என்ன செய்வதென்று தானாகத் தெரியும்.

இப்படிப் பார்த்தால் செயலியின் முகப்புத் திரையில் முதலில் வரவேண்டியது மீதித் தொகை. சலுகை விளம்பரம் அல்ல. பக்கத்திலேயே ‘காலை 8.10 நிலவரம்’ என்று நேரமும் வேண்டும். சர்வரில் பயணம் பதிவாகத் தாமதமானால் பழைய தொகைதான் தெரியும்; நேரம் போடாவிட்டால் காசு தப்பாகக் கழிந்ததாகவே நினைப்பார்கள்.

அடிக்கடி தடுமாற வைப்பது இன்னொன்று. பயணத்துக்குத் தட்டும் ஒரே வங்கி அட்டையைத்தான் கைப்பேசியிலும் கைக்கடிகாரத்திலும் ஏற்றியிருப்பார். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றொன்று. ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எண் இருப்பதால் இரண்டும் வேறு வேறு அட்டையாகவே பதிவாகும். பேருந்தில் இறங்கும்போது தட்டாதவருக்குக் கடைசி நிறுத்தம் வரைக்குமான கட்டணம். பயண வரலாற்றில் ‘முழுமையற்ற பயணம்’ என்று மட்டும் போட்டால் யாருக்குப் புரியும்? ‘இறங்கியதாகப் பதிவு இல்லை. ஏறும்போது தட்டிய அதே சாதனத்தையே தட்டினீர்களா?’ என்று கேட்டு, கீழேயே கட்டணத்தைத் திரும்பக் கேட்கும் பொத்தானை வையுங்கள்.

மாதிரிக்கு மென்பொருள் தேவையில்லை. கைப்பேசி அளவுத் தாளில் திரைகளை வரைந்து, ஒரு சுற்றுக்கு ஐந்தாறு பேரிடம் கொடுத்தால் போதும். பெரிய குழப்பங்கள் அதிலேயே வெளிவந்துவிடும். மூத்தோர், மாணவர், வேலை அனுமதியில் இருப்பவர் என்று கலந்திருக்கட்டும். அலுவலக நண்பர்களை மட்டும் வைத்துச் சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்!

சோதனையைக் குளிர்சாதன அறையில் முடித்துவிடாதீர்கள். ஓடும் பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி, வெயில் திரையில் அடிக்க, விலை குறைந்த ஆண்ட்ராய்டில், எழுத்தளவை முழுதாகக் கூட்டி வைத்துப் பாருங்கள். தமிழ்த் திரையானால் இன்னும் கவனம் வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு அளந்த பொத்தானில் ‘தொகை நிரப்புக’ அடங்காது. பின்பாதி மூன்று புள்ளியாகிவிடும். வரி இடைவெளி குறைந்தால் ‘கி’, ‘டு’ போன்றவற்றின் மேல்கீழ்க் கொக்கிகள் வெட்டுப்படும். பொத்தானின் அகலத்தைத் தமிழ் வாசகத்துக்கு வரைந்துவிட்டு, மற்ற மொழிகளை அதில் வைத்துப் பாருங்கள்.