ஒரு மாதக் கெடு: அரசியலமைப்பு அரசின் கையைப் பிடிப்பது எப்படி?

சுதந்திரம் பெற்றபோது இலங்கையில் இருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தெளிவாகத்தான் சொன்னது: மற்றவர்களுக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்தின் மேல் மட்டும் சுமத்தும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்ற முடியாது. ஆனாலும் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் இந்திய வம்சாவளித் தமிழரான தோட்ட மக்களின் வாக்கைப் பறித்தன. ருவன்வெல்லைத் தொகுதி வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடகன்பிள்ளையின் வழக்கு 1951இல் உயர் நீதிமன்றத்திலும் 1953இல் அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. யார் பிரஜை என்று வரையறுக்கும் சட்டம் இது, சமூகத்தைக் குறிவைத்ததல்ல என்பது தீர்ப்பு. வாசகத்தைப் பார்த்தார்கள், தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் யாருடைய வாக்குப் போனது என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. 1972இல் அந்தப் பிரிவே இல்லாமல் போனது.

இன்றைய 1978 அரசியலமைப்பில் அரசைத் தடுக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. சட்டமூலமாக இருக்கும்போது மட்டுமே ஒரு சட்டத்தை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். சபாநாயகர் சான்றளித்துவிட்டால் 80(3) உறுப்புரை கதவை மூடிவிடும். இது பெரிய ஓட்டை. அரச அதிகாரிகளின் செயல்களுக்கு, அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்தில் மனுப்போட வழிசெய்யும் 126ஆம் உறுப்புரை உண்டு. 2018 நவம்பரில் ஜனாதிபதி நாடாளுமன்றத்தைக் கலைத்த வர்த்தமானி, டிசம்பர் 13இல் செல்லாததானது இந்த வழியில்தான். ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

அதே வகை மனுவை மலையகத்தின் ஹட்டனில் கொழுந்து பறிக்கும் ஒருவரும் போடலாம். காரணம் சொல்லாமல் பொலிஸ் பிடித்தால் உறுப்புரை 13(1), அடித்தால் 11, இனம், மொழி பார்த்துப் பிரதேச செயலகம் ஒதுக்கினால் 12(2). தமிழில் எழுதிய கடிதத்தை அலுவலகம் ஏற்காவிட்டால் அது மொழி உரிமை மீறல். அதற்கும் 126 பொருந்தும். தோட்டத்துரை (தோட்ட முகாமையாளர்) ஒருவரை வேலையிலிருந்து நிறுத்தினால் பொதுவாக இந்த வழி உதவாது: கம்பனி அரசல்ல, தொழில் நியாய சபைக்குத்தான் போக வேண்டும்.

மலையகத்தில் மனு தோற்றுப்போக கெடுவும் காரணமாகலாம். சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் மனு கொழும்பில் தாக்கலாக வேண்டும். காயம் ஆறி, சட்டத்தரணிக்குக் காசு புரட்டுவதற்குள் அந்த மாதம் ஓடிவிடும். கடிகாரத்தை நிறுத்த ஒரு வழி உண்டு. அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலத்தை அந்த ஆணைக்குழுவுக்கான 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கணக்கில் சேர்க்காது. கட்டணம் இல்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

முறைப்பாடு கொடுத்த ரசீது மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்று காட்டாத மனுக்களை நீதிமன்றம் தள்ளியிருக்கிறது. ஆகவே ஆணைக்குழு அனுப்பும் அழைப்புக் கடிதங்களை உறையோடு வைத்திருங்கள். உறையில் தபால் முத்திரைத் திகதி இருக்கும். பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி நீட்டினால், தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். பிடிபட்ட நேரம், நிலையத்தின் பெயர், அதிகாரியின் சட்டையில் உள்ள இலக்கம், வைத்தியசாலைத் துண்டின் திகதி ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள்.