மூன்று வாரம் தாங்கிய கொக்கி நள்ளிரவில் விழுவது ஏன்?

கொருக்குப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வாடகை வீடு. ஆணி அடிக்கக் கூடாது என்பது குடிவந்த அன்றே போடப்பட்ட நிபந்தனை. எம்.சி. ரோட்டு நடைபாதைக் கடையில் ஒட்டும் கொக்கி ஒன்றை வாங்கி, கண்ணாடி போட்ட முருகன் படத்தை மாட்டினார். மூன்று வாரம் படம் அசையவில்லை. பிறகு ஒருநாள் நள்ளிரவில், மின்சாரம் போய் மின்விசிறிகூட நின்றிருந்த நேரத்தில், தொப்பென்று விழுந்து கண்ணாடி நொறுங்கியது. மாமியார் அபசகுனம் என்கிறாராம். உறையில் "3 கிலோ தாங்கும்" என்று அச்சிட்டிருந்தது. படமோ முக்கால் கிலோகூட இராது. "தாங்காத கொக்கி என்றால் முதல் நாளே விழுந்திருக்க வேண்டாமா?" என்று கேட்கிறார்.

அருமையான கேள்வி. மாமியாரும் அதே கேள்வியைத்தான் கேட்கிறார், பதிலை மட்டும் வேறு இடத்தில் தேடுகிறார்.

பசையில் இரண்டு சாதி உண்டு. வடசென்னைச் சுவர்கள் தேர்தல் காலத்தில் சுமக்கும் சுவரொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். மைதாவைக் காய்ச்சிப் பூசுகிறார்கள். நீர் வற்றியதும் இறுகிக் கெட்டியாகிவிடுகிறது. கொக்கியின் பின்னால் இருக்கும் பசை இதற்கு நேர்மாறான சாதி. அது காய்வதே இல்லை. காய்ந்தால் அதன் வேலை முடிந்தது. ஒட்டுநாள், ஓராண்டு கழித்துப் பிரிக்கும் நாள், இரண்டிலும் அது ஒரே பிசுபிசுப்போடு இருக்க வேண்டும்.

ஒட்டுவது எப்படி என்பதைப் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள்: மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வாண்டர்வால்ஸ் விசை. மிகவும் மெலிந்த விசை, மிக நெருங்கினால்தான் வேலை செய்யும். எனவே பசை சுவரின் மேடுபள்ளங்களுக்குள் வழிந்து அதைத் தொட வேண்டும். எவ்வளவு மென்மையாக இருந்தால் அப்படி வழியும் என்பதற்கு 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட் 1960களில் ஓர் அளவு சொன்னார்: மீட்சிக் குணகம், அதாவது விறைப்பின் அளவு, ஏறக்குறைய 3 லட்சம் பாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும். ரப்பர் பாண்டு அதைவிடச் சில மடங்கு விறைப்பு. அதனால்தான் அதை எவ்வளவு அழுத்தினாலும் சுவரில் ஒட்டுவதில்லை. நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தாலும் தொடுகை நடக்காது. பலாப்பழம் அரிவதற்கு முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்கிறோமே, அதே சங்கதி. சமையலறைச் சுவரில் வருடக்கணக்காகத் தாளிப்புப் புகை அந்த எண்ணெயை நமக்குத் தெரியாமலேயே தடவி வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னது ஒட்டும் கதை. விழும் கதைதான் எனக்குப் பிடித்தது.

இந்தப் பசையின் உள்ளே இருப்பவை நீண்ட நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள். தமிழில் இதற்கென்றே ஒரு சொல் இருக்கிறது: இடியாப்பச் சிக்கல். தட்டில் இருக்கும் இடியாப்பத்தின் ஓர் இழையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். மொத்த இடியாப்பமும் கூடவே எழும்பி வரும். அதே இழையை மெல்ல, விரல் நகர்வதே தெரியாமல் இழுத்தால், மற்றவற்றுக்கிடையே நெளிந்து நெளிந்து தனியாகக் கழன்றுவிடும். பசையும் அப்படியே. வேகமாக இழுத்தால், சிக்கிய சங்கிலிகள் அவிழ நேரமில்லாமல் திடப்பொருளைப்போல எதிர்த்து நிற்கின்றன. மெதுவாக, ஆனால் விடாமல் இழுத்தால், ஒன்றையொன்று வழுக்கிக்கொண்டு திரவம்போல ஓடுகின்றன. சங்கிலி தன் சக சங்கிலிகளுக்கு நடுவே பாம்பு ஊர்வதுபோல நகர்கிறது என்ற கணக்கை 1971இல் எழுதியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-கில் தெ ஜென். அவருக்கு 1991இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.

ஆகவே பசை திடமா திரவமா என்று கேட்டால், "எவ்வளவு நேரம் கொடுப்பாய்?" என்று அது திருப்பிக் கேட்கும். ஒரு நொடி கொடுத்தால் திடம். மூன்று வாரம் கொடுத்தால் திரவம்.

இந்த இரட்டை வாழ்க்கைக்கு உலகிலேயே பொறுமையான சாட்சி ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1927இல் தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர் தார்போல் கறுத்த கீல் கொஞ்சத்தைக் காய்ச்சி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றினார். கீல் சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் பொருள். 1930இல் புனலின் அடிக்காம்பை வெட்டிவிட்டார். கீல் சொட்டத் தொடங்கியது. அது தண்ணீரைப்போல ஏறத்தாழ 23,000 கோடி மடங்கு பாகுநிலை, அதாவது ஓட மறுக்கும் குணம், கொண்டது. ஒரு சொட்டு விழச் சுமார் பத்தாண்டு. 2014 வரை விழுந்தவை மொத்தம் ஒன்பது சொட்டுகள். பார்னெலுக்குப் பின் பல பத்தாண்டுகள் அதைக் காத்த ஜான் மெயின்ஸ்டோன் ஒரு சொட்டு விழுவதைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. 2000இல் எட்டாவது சொட்டு விழுந்தபோது அவர் ஊரில் இல்லை, பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய கேமராவும் பழுதாகிவிட்டது. 2013இல் அவர் இறந்தார். ஒன்பதாவது சொட்டு அடுத்த ஏப்ரலில் விழுந்தது.

இங்கே ஒரு புலம்பல், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு ஆன செலவு ஒரு புனல், ஒரு கண்ணாடி மூடி, கொஞ்சம் கீல். நம் ஊரில் எந்தப் பேராசிரியராவது இதற்கு நிதி கேட்டால் நடப்பது எனக்குத் தெரியும். மூன்றாம் ஆண்டு முடிவில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள், "இதுவரை எத்தனை சொட்டு?" என்பார்கள், ஒன்றும் இல்லை என்றதும் கோப்பை மூடிவிடுவார்கள். அறையை வேறு துறைக்குக் கொடுத்துவிடுவார்கள்.

கொக்கிக்கு வருவோம். படம் தொங்கும்போது எடை கீழ்நோக்கி மட்டும் இழுப்பதில்லை. கொக்கியின் மூக்கு சுவரைவிட்டு முன்னே நீண்டிருக்கிறதல்லவா, அது நெம்புகோலாகி, கொக்கியின் பின்னாலுள்ள பசைப் பட்டையின் மேல்விளிம்பைச் சுவரிலிருந்து உரிக்கப் பார்க்கிறது. பட்டையின் உயரம் 6 செ.மீ., எடை சுவரிலிருந்து 2 செ.மீ. தள்ளித் தொங்குகிறது என்றால், மேல்விளிம்பில் உரிக்கும் தகைவு (ஒவ்வொரு துளிப் பரப்பின்மீதும் விழும் விசை), கீழே சறுக்கும் தகைவைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 4 செ.மீ. தள்ளித் தொங்கினால் நான்கு மடங்கு. தடிமனான சட்டம் போட்ட படம், காற்றில் ஆடும் துணிப்பை எல்லாம் இந்தக் கணக்கில்தான் மாட்டுகின்றன. உரிப்பது பசையின் பலவீனமான பக்கம். முழுப் பரப்பும் சேர்ந்து எதிர்க்காமல், விளிம்பிலுள்ள ஒரு மெல்லிய கோடு மட்டும் தனியாக நின்று போராடுகிறது.

அந்தக் கோட்டில்தான் இடியாப்பம் மெல்லக் கழல்கிறது. முதல் வாரம் மேல்விளிம்பு மயிரிழை அளவு பிரியும். பிரிந்த பகுதி எடையைச் சுமப்பதில்லை. மிச்சப் பகுதி அதையும் சேர்த்துச் சுமக்கிறது. அதனால் இன்னும் வேகமாகப் பிரிகிறது. இருபது நாளில் பாதி, அடுத்த சில மணி நேரத்தில் மீதி. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மூன்று வாரம் ஒன்றும் நடக்காமல் திடீரென்று விழுந்ததாகத் தோன்றும். உண்மையில் மாட்டிய நிமிடம் முதல் அது விழுந்துகொண்டுதான் இருந்தது.

நள்ளிரவுக்கும் காரணம் உண்டு. சூடு ஏறினால் சங்கிலிகள் வேகமாக ஊர்கின்றன. மேற்குப் பார்த்த ஒன்பது அங்குலச் செங்கல் சுவரில் பிற்பகல் வெயில் விழுந்தால், அந்த வெப்பம் உள்பக்கம் வந்துசேரப் பல மணி நேரம் ஆகும். வெளியே கடற்காற்று அடிக்கும் இரவில் சுவரின் உட்புறத்தைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். கொக்கிக்கு உச்சி வெயில் இரவில்தான்.

அப்படியானால் உறையில் போட்ட 3 கிலோ? ஒட்டுப்பட்டைத் துறையில் வழக்கமான சோதனை ஒன்று உண்டு. பளபளவென்று துடைத்த எஃகுத் தகட்டில் பட்டையை ஒட்டி, எடையைத் தொங்கவிட்டு, அது விழும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் குறித்துக்கொள்வது நிமிடங்களை. நமக்கு விற்கும்போது நிமிடம் காணாமல் போய்க் கிலோ மட்டும் மிஞ்சுகிறது. எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். "எத்தனை கிலோ" என்பதோடு "எத்தனை நாள்" என்பதையும் அச்சிட்டால் ஒரு வரி மை கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

நம் சுவரோ எஃகும் அல்ல. விழுந்த கொக்கியைத் தூக்கி எறிவதற்கு முன் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள். பசை மேல் திருநீறு பூசியதுபோல வெள்ளைப் பொடி இருந்தால், பசை தோற்கவில்லை, சுவர்தான் தோற்றது: கொக்கி ஒட்டியது சுண்ணாம்புப் பொடியின் மேல், பொடி சுவரைவிட்டுக் கழன்றுவிட்டது. ராயபுரம், காசிமேடு பக்கத்துப் பழைய வீடுகளில் இது சாதாரணம். செங்கல்லுக்குள் ஏறும் ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. நீர் ஆவியாக, உப்புப் படிகம் வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது. உப்புப் பூத்த சுவரில் எந்தக் கொக்கியும் நிற்காது. முதுகு சுத்தமாகப் பளபளத்தால் எண்ணெயோ தூசியோ குற்றவாளி. பாதிப் பசை சுவரிலும் பாதி கொக்கியிலும் இழை இழையாக நின்றால், பசையே நடுவில் அறுந்திருக்கிறது. அதுதான் நான் சொன்ன இடியாப்பக் கதை.

தண்டையார்பேட்டையில் நான் இருந்த வீட்டில் சமையலறைச் சுவரில் பதித்த ஓட்டின்மேல் ஒரு கொக்கியை ஒட்டி, அதன் தலையை உரசினாற்போல் பென்சிலால் ஒரு கோடு கிழித்து, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் கோட்டுக்கும் கொக்கிக்கும் நடுவே ஓர் அரிசியின் தடிமனுக்கு இடைவெளி. அந்த இடத்தில் ஓடு கொஞ்சம் பிசுபிசுத்தது. வாசகிக்கும் இதைத்தான் சொல்வேன்: படத்துக்கு மேலே ஒரு கோடு கிழித்து வையுங்கள். இடைவெளி தெரிந்த அன்றே கழற்றி வேறு பட்டை ஒட்டிவிடலாம். ஒட்டும் இடத்தைச் சோப்பு நீரால் கழுவி, காயவிட்டு, அரை நிமிடம் நன்றாக அழுத்தி, ஒரு நாள் எடையில்லாமல் விட்டுவிடுங்கள். பள்ளங்களுக்குள் வழிய அதற்கு நேரம் வேண்டும். உயரமான பட்டையை நெடுக்காக ஒட்டுங்கள். வெயில் படாத உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

கழற்றும்போதும் அதே பொறுமைதான். வெடுக்கென்று பிடுங்கினால் பசை திடமாகி, சாயத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். தலைமுடி உலர்த்தியால் சூடு காட்டி, காசிமேட்டில் கிடைக்கும் தூண்டில் நரம்பைக் கொக்கிக்குப் பின்னால் விட்டு மெல்ல அறுத்தால் பசை திரவமாகி விட்டுக்கொடுக்கும். அந்த வீட்டைக் காலி செய்தபோது ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஏழு கொக்கிகளையும் இப்படித்தான் எடுத்தேன், சுவரில் ஒரு தடயம் இல்லை. வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவராகத் தடவிப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு வெள்ளையடிக்க வேண்டும் என்று சொல்லி முன்பணத்தில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார்.