ஆறாம் வகுப்பிலேயே தொடங்கும் மருத்துவ சீட்: 7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு?

பிளஸ் டூ முடித்து நீட் எழுதிய ஒரு மாணவியின் படிப்புச் சான்றுகளை மேசையில் வரிசையாக அடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆறாம் வகுப்பு அரசுப் பள்ளி. எட்டு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. நடுவில் ஏழாம் வகுப்பு மட்டும் தனியார் பள்ளி. "வீட்டு வாசல்லயே வேன் வந்துச்சு சார், ஒரு வருஷம் போட்டுப் பாத்தோம். ஃபீஸ் கட்ட முடியல, திரும்ப இங்கயே கொண்டாந்து சேத்துட்டேன்" என்றார் அம்மா. அந்த ஒரு வருடத்தால், மருத்துவப் படிப்பில் தமிழக அரசு அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தரும் 7.5 சதவீத ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது. அரசுப் பள்ளி ஆசிரியராக ஒரு பெற்றோரிடம் நான் சொன்னதிலேயே கடினமான செய்தி அதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கலையரசன் தலைமையிலான ஆணையம் 10 சதவீதம் பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதல் வாரக்கணக்கில் வரவில்லை. கவுன்சலிங் நெருங்கியதால் அக்டோபர் 29 அன்று அரசே அரசாணை போட்டது. மறுநாள் ஒப்புதலும் வந்தது. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் கைகோத்து நின்ற அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ். 313, பி.டி.எஸ். 92 இடங்கள் இந்த ஒதுக்கீட்டுக்குக் கிடைத்தன. எதிர்த்துப் போடப்பட்ட வழக்குகளில், சட்டம் செல்லும் என்று 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி முக்கியமானது: யாருக்குக் கிடைக்கும்?

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஏழு வருடமும் அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பள்ளி மாறலாம், ஊர் மாறலாம். அரசுப் பள்ளியாக இருந்தால் போதும். மாநகராட்சி, நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாமே கணக்கில் வரும். ஐந்தாம் வகுப்பு வரை எங்கே படித்தார்கள் என்பதைச் சட்டம் கேட்பதில்லை.

அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. "அதுவும் கவர்ன்மென்ட் ஸ்கூல்தானே, ஃபீஸே இல்லையே" என்று நம்பியிருக்கும் பெற்றோர் ஏராளம். அந்தப் பிள்ளைகளும் இதே ஏழைக் குடும்பங்களிலிருந்துதான் வருகிறார்கள். அவர்களை விட்டது சரியில்லை என்பதே என் கருத்து. ஆனால் இன்றைய சட்டம் அதுதான்.

விதிவிலக்கு ஒன்று உண்டு, பலருக்கும் தெரியாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் (ஆர்.டி.இ.) 25 சதவீத இலவச இடத்தில் தனியார் பள்ளியில் சேர்ந்து எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் தகுதி உண்டு. அந்த ஆர்.டி.இ. சேர்க்கைக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள்.

நீட் தேர்வில் தகுதி பெறுவது கட்டாயம். அதன்பின் இந்தப் பிள்ளைகளுக்குள் மட்டும் மதிப்பெண் வரிசை போடுவார்கள். இது 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு மேலே வைத்த புது அடுக்கு கிடையாது. பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று ஒவ்வொரு பிரிவுக்கு உள்ளேயும், பொதுப் பிரிவுக்கு உள்ளேயும் 7.5 சதவீதம் எடுத்து வைப்பார்கள். அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும் 15 சதவீத இடங்களில் இது கிடையாது. தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டிலும் கிடையாது.

பணத்தை நினைத்துப் பின்வாங்காதீர்கள். முதல் கவுன்சலிங்கில் தனியார் கல்லூரி இடம் கிடைத்தும் கட்டணத்துக்குப் பயந்து சிலர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதன் பிறகுதான் கட்டணத்தை அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. கிடைத்த சீட்டைக் காசுக்காக விடவேண்டிய நிலை இன்று இல்லை.

டாக்டர் ஆசை இல்லாத பிள்ளைக்கும் இந்த ஏழு வருடக் கணக்கு முக்கியம். 2021இல் கொண்டுவந்த இன்னொரு சட்டம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டப் படிப்புகளிலும் அதே 7.5 சதவீதத்தைத் தருகிறது.

விண்ணப்பிக்கும்போதே இந்த ஒதுக்கீட்டில் கேட்பதைக் குறிப்பிட வேண்டும். இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் ஒவ்வொரு பள்ளியின் தலைமை ஆசிரியரிடமும் படிப்புச் சான்று வாங்க அலையவேண்டியிருக்கும். நீட் முடிவு வரும்வரை காத்திராமல் ஏப்ரலிலேயே தொடங்குங்கள். எமிஸ் எனும் பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவில் பெயரோ பள்ளியோ தவறாக இருந்தால் பிளஸ் ஒன்னிலேயே திருத்தச் சொல்லுங்கள்.

அன்று அந்த அம்மா சான்றுகளை மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தவர், கதவருகே நின்று திரும்பினார். "இவ தம்பி அஞ்சாவது முடிச்சிருக்கான் சார். வேன் இப்பவும் வருது." சேர்க்கைப் படிவத்தை எடுத்து, ஆறாம் வகுப்பு என்று எழுதி அவரிடம் நீட்டினேன்.