வரைபை ஸ்கிரீன்ஷொட் எடுத்து ஒட்டாதீர்கள்

திருகோணமலையில் இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வறிக்கைகளுக்குப் புள்ளிவிபர உதவி செய்கிறேன். பிழையான கணக்கை விட, சரியான கணக்கு மங்கலான படமாக வருவதைத்தான் அதிகம் காண்கிறேன். நம்மூர் மழைவீழ்ச்சி வரைபையே எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர், டிசம்பரில் வாடைக்காலம் கொட்டித் தீர்ப்பதைக் காட்டத்தான் அது. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளின் திரையில் பளிச்சென்று இருக்கும். அதை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வட்ஸ்அப்பில் நண்பருக்கு அனுப்பி, அவர் வேர்டில் ஒட்டி, மூலையைப் பிடித்து இழுத்துப் பெரிதாக்கியதும் மாதப் பெயரையே வாசிக்க முடியாது.

ஆர் (R) என்ற புள்ளிவிபர மென்பொருளில் அளவு எதுவும் சொல்லாமல் பிஎன்ஜி படம் எடுத்தால் 480க்கு 480 பிக்சல்தான் கிடைக்கும். 6 அங்குல அகலத்தில் அதை வைத்தால் அங்குலத்துக்கு 80 பிக்சல். அச்சுக்குக் குறைந்தது 300 வேண்டும். அதாவது 1800 பிக்சல் அகலம். வேர்டில் இழுப்பதால் ஒரு பிக்சலும் அதிகரிக்காது.

ஆகவே அளவை மென்பொருளிலேயே தீர்மானியுங்கள். ஏ4 தாளில் இருபக்கமும் 2.5 சென்டிமீட்டர் விட்டால் மிஞ்சுவது 16 சென்டிமீட்டர். வரைபையும் அந்த அகலத்துக்கே எடுங்கள். 12 அங்குலத்தில் வரைந்து பாதியாகச் சுருக்கினால் 12 புள்ளி அளவு எழுத்தும் 6 புள்ளி அளவாகிவிடும். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தேடுவார்.

கோடும் எழுத்துமான வரைபுக்கு, படத்தைப் பிக்சல்களாக அல்லாமல் கோடுகளாகவே சேமிக்கும் வெக்டர் வடிவமே என் தெரிவு. வேர்டுக்கு ஈஎம்எஃப் அல்லது எஸ்விஜி, லேடெக்ஸ் என்ற ஆவணத் தயாரிப்பு மென்பொருளுக்கு பிடிஎஃப். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. இலட்சக்கணக்கில் புள்ளிகள் உள்ள சிதறல் வரைபென்றால் மட்டும் அங்குலத்துக்கு 300 பிக்சலில் எடுத்த பிஎன்ஜி போதும். வெக்டர் கோப்பு பாரமாகித் திறக்கவே நேரமெடுக்கும். ஜேபிஜி வேண்டவே வேண்டாம், அது புகைப்படத்துக்கானது. எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் வரும்.

நல்ல பிஎன்ஜி எடுத்தும் மங்குகிறதா? வேர்ட் சேமிக்கும்போது தானாகவே படங்களைச் சுருக்கியிருக்கலாம். ஒப்ஷன்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய், படங்களைச் சுருக்காதே என்ற பெட்டியில் சரி போடுங்கள். படங்களை ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும்.

தமிழில் பெயரிடுபவர்களுக்கு இன்னொரு தொல்லை. ஆரின் வழமையான பிடிஎஃப் கட்டளை தமிழ் எழுத்தைத் தாங்காது. மற்ற வழிகளிலும் கொம்பு இடம் மாறி நிற்கலாம், திறந்து பாருங்கள். தலைப்பையாவது வேர்டில் படத்துக்குக் கீழே தட்டச்சு செய்துவிடலாம்.

அப்புறம், பிரதிகளைக் கறுப்பு வெள்ளையில்தான் போட்டோக்கொப்பி எடுக்கப் போகிறீர்கள் என்றால் சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் நம்பாதீர்கள். இரண்டும் ஒரே சாம்பலாக வரக்கூடும். ஒன்றை முழுக்கோடாகவும் மற்றதைப் புள்ளிக்கோடாகவும் போடுங்கள்.