பலியேற்றிவ் கெயர்: நோய்த்தணிப்பா, நோவுத்தணிப்பா?

தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்தவர்கள் "இனிப் பலியேற்றிவ் கெயர்தானாம்" என்றால், "கைவிட்டிட்டினம்" என்றுதான் வீட்டில் விளங்கிக்கொள்கிறார்கள். நம் சிறுகதைகளிலும் வைத்தியர் கையை விரித்ததோடு மருத்துவம் முடிந்துவிடுகிறது. நோய் தீராதபோதும் நோவைத் தணித்துப் பராமரிப்பதே அது. சொல்லின் பொருளோ கைவிடுதலுக்கு நேர்மாறானது.

இலத்தீனில் பல்லியம் என்பது உடலைப் போர்த்தும் மேலங்கி. அதிலிருந்து வந்த வினைக்குப் போர்த்துதல் என்று பொருள். ஆங்கிலத்தில் குற்றத்தை மூடிமறைத்தல் என்ற பொருளும் அதற்குண்டு. 1970களில் மொன்றியலில் பல்போர் மவுன்ட் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இதை இறுதிக்காலப் பராமரிப்புக்குப் பெயராக்கினார். இத்தகைய பராமரிப்புக்கு ஆங்கிலத்தில் வழங்கிய 'ஹொஸ்பிஸ்' என்ற பெயரைக் கேட்டால், அங்கே பிரெஞ்சு பேசுவோருக்கு ஏழைகளின் விடுதிதான் நினைவுக்கு வந்தது.

தமிழில் நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். இதில் ஓர் இடறல் இருக்கிறது. "நோய்நாடி நோய்முதல் நாடி" என்ற 948ஆம் குறளில் 'தணிக்கும்' என்பது நோயையே தீர்ப்பது. இங்கே நோய் தீராது, நோவுதான் தணியும். நோ என்ற வினையிலிருந்தே நோயும் பிறந்தது. "நாரி நோகுது" என்று நாளும் சொல்லும் யாழ்ப்பாணத்தார் நோவுத்தணிப்பு என்றே எழுதலாம்.

போர்த்தவேண்டியது நோவை. நாமோ "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ" என்று உண்மையைப் போர்த்துகிறோம். தோல்ஸ்தோயின் குறுநாவலில் (1886) சாகக்கிடக்கும் இவான் இலிச்சை அதிகம் வதைப்பது சுற்றியிருப்பவர்களின் அந்தப் பொய்தான். வேலைக்காரன் கெராசிம் அவரது கால்களைத் தன் தோளில் தூக்கிவைத்தபடி இருக்கிறான். அப்போது நோ குறைகிறது. சாவை மறைக்காதவனும் அவன் ஒருவனே.

இப்படியொரு காட்சியை எழுதுபவர் கைவேலையைச் சரியாக அறிந்திருக்கவேண்டும். நோவைத் தணிக்கும் மோர்பின் கரைசலை வழக்கமாக நான்கு மணித்தியாலத்துக்கு ஒருமுறை, நோ திரும்ப வருமுன்னரே கொடுப்பார்கள். கூடவே மலமிளக்கியும் வேண்டும். தவறினால் மலம் இறுகி, நோயாளி மருந்தையே மறுப்பார். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் நாரியடியிலும் குதிக்காலிலும் படுக்கைப்புண் வரும்.

சேடம் இழுக்கும்போது பால் பருக்குவது நம் வழக்கம். நினைவு தப்பியவரால் விழுங்கமுடியாது. கரண்டியால் வார்த்த பால் சுவாசக்குழாய்க்குள் போய் மூச்சுத் திணறும். பஞ்சைப் பாலில் தோய்த்துப் பிழிந்து, உதட்டில் ஒற்றினால் போதும். அதுவும் பால் பருக்கியதுதான்.