நோட்டில் சுகர் மட்டும்தான் இருந்தது

விடியற்காலை 5 மணிக்கு அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டியிருக்கிறது. நெஞ்சுவலி இல்லை. லோ சுகராக இருக்கும் என்று மனைவி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்திருக்கிறார். அப்புறம் குளுக்கோமீட்டரில் பார்த்தால் 210. வியர்வை நிற்கவே இல்லை என்றதும் ஆட்டோ பிடித்து என்னிடம் வந்தார்கள். ஈசிஜி எடுத்தேன். மாரடைப்பு. உடனே 108-ல் ஏற்றி அனுப்பினோம், பிழைத்துக்கொண்டார்.

தையல் கடைக்காரர், வயது 54, சுகர் வந்து 11 வருடம். நீண்ட நாள் சுகர் நரம்புகளைப் பாதிக்கும் என்றால் எல்லாரும் கால் மரத்துப்போவதைத்தான் நினைப்பார்கள். இதயத்தின் வலியை மூளைக்குச் சொல்லும் நரம்புகளும் அதே மாதிரி பழுதாகும். அதனால் சுகர்காரர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் வியர்வையாகவோ மூச்சுத் திணறலாகவோ, 'வாய்வு' மாதிரியோ வரலாம். காரணம் தெரியாமல் வியர்த்தால் சுகரைப் பாருங்கள். சுகர் குறையவில்லை என்றால் தாமதிக்காமல் ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

ஒரு மாதம் கழித்து அவர் வந்தபோது நீள நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். தேதி, வெறும் வயிற்றில், சாப்பிட்ட பின். ஆறு வருடக் கணக்கு, அவர் மனைவியின் குண்டு குண்டான கையெழுத்தில். இவ்வளவு அக்கறையாக நோட்டு எழுதுகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் அதில் பிபி ஒரு இடத்தில்கூட இல்லை. கொழுப்புப் பரிசோதனை செய்ததே இல்லை என்றார். "யாரும் கேக்கலையே டாக்டர், போற இடத்துல எல்லாம் சுகர் எவ்வளவுன்னுதான் கேட்டாங்க" என்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. கேட்க வேண்டியவர்கள் நாங்கள்.

சுகர்காரர்களின் உயிரை அதிகம் எடுப்பது இதய நோய்தான். சுகரை மட்டும் பார்த்தால் போதாது என்பதை டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு அழுத்தமாகக் காட்டியது. கோபன்ஹேகன் அருகே உள்ள ஸ்டெனோ நீரிழிவு மையத்தில் பீட்டர் கேடே, ஓலுஃப் பெடர்சன் குழுவினர் செய்த ஸ்டெனோ-2 ஆய்வு அது. சிறுநீரில் புரதம் கசிய ஆரம்பித்திருந்த 160 சுகர்காரர்களை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கசிவு, ரத்தக்குழாய்கள் பழுதாகத் தொடங்கிவிட்டன என்பதற்கு அடையாளம். 80 பேருக்கு அந்த நாட்டில் அப்போது வழக்கத்தில் இருந்த சிகிச்சை. மற்ற 80 பேருக்கு சுகர், பிபி, கொழுப்பு மூன்றுக்கும் கறாரான இலக்கு, சிறுநீரகத்தைக் காக்கும் பிபி மாத்திரை, உணவு, நடை, புகை நிறுத்தம் எல்லாம் சேர்த்து.

கிட்டத்தட்ட 8 வருடத்தில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 35 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ரத்தக்குழாய் பாதிப்புகள் வந்தன. இன்னொரு பக்கம் 19 பேருக்கு. 2003-ல் இது வெளியானது. ஆய்வு முடிந்ததும் எல்லாருக்குமே கறாரான சிகிச்சையைக் கொடுத்தார்கள். ஆனாலும் ஆரம்பத்தில் விழுந்த இடைவெளி மூடவில்லை. ஆய்வு தொடங்கி 21 வருடம் கழித்துப் பார்த்தபோது, முதலிலேயே தொடங்கியவர்கள் சராசரியாக 8 வருடம் கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். ஒரு பேரனின் கல்யாணத்தைப் பார்க்கும் அளவு காலம் அது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்த 80 பேரிலும் மூன்று மாத சராசரி சுகரை (ரிப்போர்ட்டில் HbA1c என்று சதவீதத்தில் இருக்கும்) 6.5-க்குக் கீழே கொண்டுவந்தவர்கள் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. சுகர் இலக்கை எட்டாமலேயே அவர்களுக்கு இந்தப் பலன் கிடைத்தது. பிபியும் கொழுப்பும்தான் நன்றாக இறங்கியிருந்தன. 'எவ்வளவு கட்டுப்பாடா இருந்தாலும் குறையலையே' என்று மனம் விட்டுப்போனவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். சுகர் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறதா, சரி, அதையும் பார்ப்போம். அதற்குள் மற்ற இரண்டையும் இறக்கிவிடலாம்.

கொழுப்பு ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று அச்சடித்திருப்பது பொதுவான எல்லை. சுகர் இருப்பவருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு அதைவிடக் கீழே, பலருக்கு 70-க்கும் கீழே இருக்க வேண்டும். 40 வயது தாண்டிய சுகர்காரர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கொழுப்பு மாத்திரை தேவைப்படுவது இதனால்தான். 'ஆரம்பிச்சா விட முடியாதாமே' என்று பயந்து, எழுதிக் கொடுத்ததைப் பையிலேயே வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். விட முடியாமல் அது பழக்கமாகிவிடுவதில்லை. நிறுத்தினால் கொழுப்பு பழையபடி ஏறும், அவ்வளவுதான். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின் விஷயம் வேறு. 2018-ல் வெளியான அசெண்ட் ஆய்வில், இதய நோய் இல்லாத சுகர்காரர்களுக்கு ஆஸ்பிரினால் கிடைத்த நன்மையை ரத்தக்கசிவு பெருமளவு ஈடுகட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களாகத் தொடங்காதீர்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்கள் டாக்டர் சொல்லாமல் அதை நிறுத்தவும் கூடாது.

போன வாரம் தையல்காரர் மனைவியோடு வந்திருந்தார். அதே நோட்டு. அந்த அம்மா ஸ்கேல் வைத்து, பக்கத்தின் ஓரம் வரைக்கும் மூன்று கோடு கூடுதலாகப் போட்டிருந்தார். பிபி, கொழுப்பு, யூரின் புரதம். பிபிக்குக் கீழே 128/78 என்று எழுதி, பக்கத்தில் சிவப்புப் பேனாவில் ஒரு டிக் போட்டிருந்தார்.